30 நிமிடம் போதும் என்று எழுதியவர்கள்

2011 மார்ச் 13, ஞாயிற்றுக்கிழமை காலை. ஜப்பானின் ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்களிடம் ஒரு வேண்டுகோள் விடப்பட்டது. காரில் வேலைக்கு வந்தவர்கள் தங்கள் காரின் பற்றரியைக் கழற்றித் தர வேண்டும். அப்படி 12 வோல்ற் பற்றரிகள் பத்து சேர்ந்தன. அவற்றை 3ஆம் உலையின் கட்டுப்பாட்டு அறைக்குச் சுமந்துகொண்டு போய், ரோர்ச் வெளிச்சத்தில் ஒன்றோடொன்று தொடுத்து 120 வோல்ற் ஆக்கினார்கள். உலையின் அழுத்தத்தை இறக்கும் வால்வைத் திறப்பதற்காக.

அந்த நிலையத்தில் ஆறு உலைகள் இருந்தன. மொத்தக் கொள்ளளவு 4,696 மெகாவொற். பல இலட்சம் வீடுகளுக்கு மின்சாரம் கொடுத்த இடத்தில், ஒரு வால்வைத் திறக்க 120 வோல்ற் இல்லை.

இதை முதன்முதலில் வாசித்தபோது ஒரு வீரக் கதையாகத்தான் தெரிந்தது. இருட்டுக்குள்ளே, கதிர்வீச்சுக்குள்ளே பற்றரி சுமந்த ஆக்களின் கதை. அது வீரம்தான், சந்தேகமில்லை. ஆனால் வாசிக்க வாசிக்க இன்னொரு கேள்வி பெரிதாகிக்கொண்டு வந்தது. இவ்வளவு நேரம் தாங்கினால் போதும் என்று யார் முடிவு செய்தார்கள்? எப்போது? எந்த மேசையில் இருந்து? இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குப் பின்னால் போன ஒரு முயற்சி.

பற்றரிக்கு என்ன வேலை

2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன காலத்தில் எங்கட ஆக்கள் எல்லாருக்கும் ஒரு விசயம் விளங்கியிருக்கும். மேசைக்குக் கீழே இருக்கும் யூ.பி.எஸ். மின்வெட்டைக் கடப்பதற்கானது இல்லை. செய்த வேலையை சேவ் பண்ணி, கம்பியூட்டரை ஒழுங்காக நிறுத்துவதற்கு ஒரு பத்து நிமிடம் தரும். அவ்வளவுதான்.

பெரிய வேலைத்தளங்களிலும் கணக்கு அடிப்படையில் இதுதான். ஆஸ்பத்திரி, தொலைபேசி நிலையம், விமானக் கட்டுப்பாட்டு நிலையம், அணுமின் நிலையம் எல்லாவற்றிலும் மின்சாரம் மூன்று அடுக்காக இருக்கும். முதலாவது வெளியிலிருந்து வரும் மின்சாரம். அது போனால் டீசல் மின்பிறப்பாக்கி. அது கிளம்பி வரும்வரை, அல்லது அதுவும் கைவிட்டால், பற்றரி. இரண்டு கரைகளுக்கு நடுவே போட்ட பலகை போல. பலகையில் நடந்து மற்றக் கரைக்குப் போகலாம், அதில் குடியிருக்க முடியாது.

இந்த ஏற்பாடு பழையது. பிரெஞ்சுக்காரரான கஸ்தோன் பிளான்டே 1859 இல் ஈய அமில மின்கலத்தை உருவாக்கினார். திரும்பத் திரும்ப மின்னேற்றக்கூடிய முதல் மின்கலம் அது. தொலைபேசி வந்த பிறகு ஒவ்வொரு தொலைபேசி நிலையத்திலும் அறை நிறைய ஈய அமிலப் பற்றரிகள் வைக்கப்பட்டன. 48 வோல்ற் நேரோட்டம் என்பது அந்தத் தொழிலின் வழக்கமாகவே ஆனது. வீட்டில் கரண்ட் இல்லாத நேரத்திலும் பழைய வயர் போன் வேலை செய்ததற்குக் காரணம் இதுதான். மின்சாரம் எங்கோ ஒரு நிலையத்தின் பற்றரி அறையிலிருந்து அதே வயர் வழியாக வந்துகொண்டிருந்தது.

பற்றரிக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதைப் பற்றிப் பொதுவாகக் குறைவாகத்தான் பேசுகிறோம். மானிகள், எச்சரிக்கை விளக்குகள், வால்வுகளைத் திறக்கும் சிறிய மின் சுற்றுகள் எல்லாம் பெரும்பாலும் பற்றரியை நம்பித்தான் இருக்கின்றன. பற்றரி போனால் இயந்திரம் நிற்பதற்கு முன்னரே அதைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் கண் போய்விடும்.

நியூயோர்க், 1991: மணி அடித்தது, ஆளில்லை

1991 செப்டெம்பர் 17. நியூயோர்க்கில் வெயில் கடுமையான நாள். எயார்கண்டிசன்களால் நகரத்தின் மின்தேவை ஏறியிருந்தது. அப்படியான நாட்களில் வெளி மின்சாரத்தை விட்டுத் தங்கள் சொந்த மின்பிறப்பாக்கிகளுக்கு மாறிக்கொள்வதாக ஏ.ரி. அன்ட் ரி. தொலைபேசி நிறுவனத்துக்கும் மின் விநியோக நிறுவனத்துக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் இருந்தது. மன்ஹற்றனில், தோமஸ் வீதி 33ஆம் இலக்கக் கட்டடத்தில் அன்று காலை அப்படி மாறினார்கள்.

மாறும்போது, ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கும் சாதனங்களைப் பாதுகாப்புக் கருவி ஒன்று நிறுத்திவிட்டது. டீசல் ஓடுகிறது, ஆனால் அதன் மின்சாரம் தொலைபேசிக் கருவிகளுக்குப் போகவில்லை. பற்றரிகள் தாமாகவே சுமையை ஏற்றுக்கொண்டன. வடிவமைத்தவர்கள் நினைத்தபடியே அவை வேலை செய்தன.

எச்சரிக்கை விளக்குகளும் மணிகளும் இருந்தன. அவற்றில் சில பழுதாகியிருந்தன. வேலை செய்தவற்றைப் பார்க்க அந்த இடத்தில் ஆள் இருக்கவில்லை. மின் பகுதியைக் கவனிக்க வேண்டிய தொழில்நுட்பவியலாளர்கள் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தார்கள். வகுப்பின் பாடம் புதிய எச்சரிக்கை முறைமை!

சுமார் ஆறு மணித்தியாலம் பற்றரிகள் தாங்கின. பின்னேரம் ஐந்து மணிக்குக் கிட்ட அவை தீர்ந்தபோதுதான் விசயம் வெளியே தெரிந்தது. ஏறத்தாழ 50 இலட்சம் அழைப்புகள் தடைப்பட்டன. விமானக் கட்டுப்பாட்டு நிலையங்கள் ஒன்றோடொன்று பேசும் தொடர்புகளும் அதே கட்டடம் வழியாகவே போயின. கென்னடி, லாகார்டியா, நிவார்க் ஆகிய மூன்று விமான நிலையங்களும் முடங்கின. வானத்தில் விமானங்கள் இருந்த நேரத்தில் கட்டுப்பாட்டாளர்களின் தொடர்பு அறுந்தது. யாரும் சாகவில்லை. ஆனால் அமெரிக்க மக்கள் பிரதிநிதிகள் சபை இதை விசாரிக்கும் அளவுக்கு விசயம் பெரிதாகியது.

இந்தச் சம்பவத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. பற்றரி கெட்டுப்போகவில்லை. ஆறு மணித்தியாலம் என்பது ஒரு சுவிச்சைத் திரும்பப் போடுவதற்கு எத்தனையோ மடங்கு அதிகமான நேரம். அந்த நேரத்தைப் பற்றரி கொடுத்தது, நிறுவனம் எடுத்துக்கொள்ளவில்லை. நிறுவனம் முதலில் ஊழியர்களைக் குறை சொல்லப் பார்த்தது. பயிற்சி வகுப்புக்கு அனுப்பியபோது அந்த இடத்தைப் பார்க்க யாரை வைத்தீர்கள் என்பது தொழிலாளியிடம் கேட்க வேண்டிய கேள்வி இல்லையே.

30 நிமிடம்

நியூயோர்க்கில் இது நடந்த அதே 1991 இல், ஜப்பானின் அணுப் பாதுகாப்பு ஆணைக்குழு ஒரு சிறிய குழுவை அமைத்தது. அணுமின் நிலையத்தில் வெளி மின்சாரமும் டீசலும் ஒரே நேரத்தில் இல்லாமல் போனால் என்ன செய்வது என்று ஆராய்வதே அதன் வேலை. அமெரிக்கா 1988 இலேயே இதற்கு ஒரு விதி கொண்டுவந்திருந்தது. முழு மின் இழப்பை இத்தனை மணித்தியாலம் தாங்குவோம் என்று ஒவ்வொரு நிலையமும் காட்ட வேண்டும் என்று அந்த விதி சொன்னது.

ஜப்பானின் நிலைமை வேறு. 1990 இல் திருத்தப்பட்ட வடிவமைப்பு வழிகாட்டியின் விளக்கத்தில், நீண்ட நேர மின் இழப்பைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை என்று இருந்தது. மின்கம்பிகளைச் சீக்கிரம் திருத்திவிடலாம், இல்லாட்டி டீசல் வந்துவிடும் என்பது காரணம். நீண்ட நேரம் என்பது எவ்வளவு? 30 நிமிடத்துக்குள் மின்சாரம் திரும்பிவிடும் என்பதே நடைமுறையில் எடுத்துக்கொள்ளப்பட்ட அளவு.

நியாயமாகச் சொன்னால் இந்த நம்பிக்கைக்கு ஓர் அடிப்படை இருந்தது. ஜப்பானின் மின் விநியோகம் மிக ஒழுங்கானது. மின்வெட்டு அரிது, வந்தாலும் விரைவில் சரியாகிவிடும். புள்ளிவிபரம் அவர்கள் பக்கம்தான். ஆனால் அந்தப் புள்ளிவிபரம் சாதாரண நாட்களில் இருந்து எடுக்கப்பட்டது. நிலநடுக்கமும் சுனாமியும் வரும் நாளில் கம்பியும் அறும், அதைத் திருத்தப் போகும் வீதியும் உடையும்.

1993 இல் அந்தக் குழு அறிக்கை கொடுத்தது. வழிகாட்டி மாறவில்லை. அறிக்கை பொதுமக்கள் கைக்கு வந்ததோ 2011 இல், எல்லாம் முடிந்த பிறகு. 2012 இல் வெளியான ஆவணங்களில் இன்னொன்றும் தெரியவந்தது. 30 நிமிடம் போதும் என்பதற்கான காரணத்தை எழுதித் தரும்படி ஆணைக்குழு 1992 இல் மின் நிறுவனங்களிடமே கேட்டிருந்தது. கண்காணிக்க வேண்டியவர், கண்காணிக்கப்படுபவரிடம் விடையை எழுதி வாங்கியிருக்கிறார்.

கல்பாக்கத்தில் இருந்து போன செய்தி

2004 டிசம்பர் 26 எங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டிய நாள் இல்லை. முல்லைத்தீவிலும் மருதமுனையிலும் நாகப்பட்டினத்திலும் அன்று என்ன நடந்தது என்பது எங்கட வீடுகளிலேயே இருக்கிறது. அதே அலை சென்னைக்குத் தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குள்ளும் புகுந்தது. கடல்நீரை இழுக்கும் பம்பு இருந்த இடத்தில் தண்ணீர் ஏறியது. ஓடிக்கொண்டிருந்த உலையைப் பாதுகாப்பாக நிறுத்தினார்கள்.

இந்தச் செய்தி ஜப்பானுக்குப் போனது. கல்பாக்கத்தில் நடந்ததையும் ஒரு காரணமாக வைத்து, 2006 இல் ஜப்பானிய ஒழுங்குபடுத்துநர்களும் மின் நிறுவனங்களும் சேர்ந்து வெள்ளப் பாதிப்பு பற்றிய ஓர் ஆய்வு வட்டத்தைத் தொடங்கினார்கள். ஃபுகுஷிமா டாய்ச்சியின் 5ஆம் உலையை எடுத்து, 14 மீற்றர் உயர அலை வந்தால் என்ன நடக்கும் என்று பார்த்தார்கள். விடை தெளிவாக இருந்தது: தண்ணீர் டர்பைன் கட்டடத்துக்குள் போகும், மின்சாரம் முழுவதும் போகும்.

அதே 2006 ஜூலை 25 இல் சுவீடனில் இன்னொரு எச்சரிக்கை. ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தின் வெளி மின்முற்றத்தில் ஒரு குறுஞ்சுற்று. அதில் இருந்து வந்த மின்னழுத்த அதிர்வு நான்கு யூ.பி.எஸ். தொகுதிகளில் இரண்டை வீழ்த்தியது. அவற்றை நம்பியிருந்த இரண்டு டீசல்களும் இணையவில்லை. கட்டுப்பாட்டு அறையின் திரைகளில் ஒரு பகுதி அணைந்தது. இருபது நிமிடத்துக்கு மேல் கழிந்த பிறகு ஊழியர்கள் கையால் இணைத்து நிலைமையை மீட்டார்கள். நான்கு தொகுதிகளும் ஒரே மாதிரியானவை. இரண்டை வீழ்த்திய அதிர்வு நான்கையும் வீழ்த்தியிருக்கலாம். ஒன்று போனால் மற்றது இருக்கிறது என்று நாங்கள் நினைக்கும்போது, அந்த ஒன்றும் மற்றதும் ஒரே காரணத்தால் போகுமா என்று பார்ப்பதில்லை.

2008 இல் ஃபுகுஷிமாவை நடத்திய டெப்கோ நிறுவனத்தின் உள்ளேயே ஒரு கணிப்பு செய்யப்பட்டது. அதன்படி 15.7 மீற்றர் வரை அலை ஏறலாம். 1 முதல் 4 வரையான உலைகள் நின்ற தரை, கடல் மட்டத்தில் இருந்து 10 மீற்றர். கணிப்பு மேலும் ஆராய வேண்டியது என்று ஒதுக்கப்பட்டது. டீசல்களில் பெரும்பாலானவை நிலக்கீழ்த் தளத்திலேயே இருந்தன. பற்றரிகளும் கீழேயே இருந்தன.

மார்ச் 11

2011 மார்ச் 11 பிற்பகல் 2.46. நிலநடுக்கம். ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் தாமாகவே நின்றன. வெளி மின்சாரம் அறுந்தது. டீசல்கள் கிளம்பின. இதுவரை எல்லாம் எழுதி வைத்தபடியே.

நிலநடுக்கத்துக்குப் பிறகு இரண்டு ஊழியர்கள் சோதனைக்காக 4ஆம் உலையின் டர்பைன் கட்டட நிலக்கீழ்த் தளத்துக்குப் போயிருந்தார்கள். ஒருவருக்கு 21 வயது, மற்றவருக்கு 24. மூன்றரை மணிக்குப் பிறகு பெரிய அலை வந்தது. இருவரும் திரும்பி வரவில்லை. மார்ச் 30 இல்தான் உடல்கள் கிடைத்தன.

அதே தண்ணீர் டீசல்களை நிறுத்தியது. 1, 2, 4ஆம் உலைகளின் பற்றரிகளையும் மூழ்கடித்தது. எட்டு மணித்தியாலம், பத்து மணித்தியாலம் தாங்கும் என்று கணக்குப் போட்ட பற்றரிகள் சில நிமிடங்களில் போயின. 1ஆம், 2ஆம் உலைகளுக்குப் பொதுவான கட்டுப்பாட்டு அறையில் விளக்குகளும் மானிகளும் ஒவ்வொன்றாக அணைந்தன.

1ஆம் உலையில் தனிமைப்படுத்தல் ஒடுக்கி என்றொரு குளிரூட்டும் முறை இருந்தது. பம்பு தேவையில்லை. நீராவி மேலே போய், குளிர்ந்து, நீராகித் தானே கீழே வரும். வால்வு திறந்திருந்தால் போதும். ஆனால் குழாய் உடைந்ததா என்று பார்க்கும் சுற்று பற்றரி மின்சாரத்தில் ஓடியது. அந்த மின்சாரம் போனால், குழாய் உடைந்ததாக எடுத்துக்கொண்டு வால்வுகளை மூடும்படி கட்டளை போகும். பாதுகாப்பான பக்கம் சாய வேண்டும் என்று செய்த ஏற்பாடு, அன்று குளிரூட்டலை நிறுத்தியது. அந்த முறை உண்மையில் ஓடுவதைக் கண்ட அனுபவம் கட்டுப்பாட்டு அறையில் யாருக்கும் இருக்கவில்லை. அவசரகால நிலையத்தில் இருந்தவர்கள் அது ஓடிக்கொண்டிருக்கிறது என்றே நம்பினார்கள். மானி இருந்திருந்தால் நம்ப வேண்டி வந்திருக்காது, பார்த்திருப்பார்கள்.

அன்றிரவு வளாகத்தில் நின்ற வாகனங்களில் இருந்து பற்றரிகளைச் சேர்த்து மானிகளுக்குப் பொருத்தினார்கள். 9.19 மணிக்கு 1ஆம் உலையின் நீர்மட்டம் தெரிந்தது. எரிபொருளுக்கு மேலே 20 சென்ரிமீற்றர் தண்ணீர் இருப்பதாக மானி காட்டியது. அறையில் எவ்வளவு நிம்மதி வந்திருக்கும்! ஆனால் அந்த அளவீடு பிழை. எரிபொருள் அதற்கு முன்னரே வெளியே தெரிந்து உருகத் தொடங்கியிருந்தது என்று பின்னைய ஆய்வுகள் சொல்கின்றன. மணித்தியாலக் கணக்கில் குருடாக இருந்தவருக்குக் கண் திரும்பியபோது, அது பிழையான காட்சியைக் காட்டியது. மறுநாள் பிற்பகல் 3.36 க்கு அந்தக் கட்டடம் ஐதரசன் வெடிப்பில் சிதறியது.

3ஆம் உலையின் பற்றரிகள் சற்று உயரத்தில் இருந்ததால் தப்பின. இங்கே நடந்தது வேறு மாதிரியான போராட்டம். அவசியமில்லாத விளக்குகளை அணைத்தார்கள். இரட்டையாக இருந்த மானிகளில் ஒன்றை நிறுத்தினார்கள். சுவர் மணிக்கூட்டைக்கூடத் துண்டித்தார்கள். எட்டு மணித்தியாலப் பற்றரியை ஒரு நாளுக்கு மேல் இழுத்தார்கள். மார்ச் 13 அதிகாலை 2.42 க்கு, குறைந்த அழுத்தத்தில் ஓடி உடைந்துவிடும் என்று பயந்து, நீர் செலுத்திக்கொண்டிருந்த முறையைக் கையால் நிறுத்தினார்கள். அழுத்தம் இறக்கும் வால்வைத் திறந்து, தீயணைப்புப் பம்பால் நீர் கொடுக்கலாம் என்பது திட்டம். வால்வு திறக்கவில்லை. அதைத் திறக்கும் அளவுக்குப் பற்றரியில் உயிர் இல்லை. நிறுத்திய முறையைத் திரும்ப ஓட்டவும் பற்றரி இல்லை.

ஆறு மணித்தியாலத்துக்கு மேல் உலைக்குள் தண்ணீர் போகவில்லை. அந்த நேரத்தில்தான் கார்களில் இருந்து பத்து பற்றரிகள் வந்தன. ஒன்பது மணியளவில் அழுத்தம் இறங்கி, 9.25 க்குத் தீயணைப்பு வாகனத்தால் நீர் செலுத்தத் தொடங்கினார்கள். பிந்திவிட்டது. மறுநாள் முற்பகல் 11.01 க்கு 3ஆம் உலைக் கட்டடமும் வெடித்தது. பதினொரு பேர் காயப்பட்டார்கள்.

டெப்கோ 2012 இல் வெளியிட்ட கலந்துரையாடல் காணொளிகளில் ஓர் இடம் உண்டு. பற்றரி வாங்கக் கடைக்குப் போக வேண்டும், கையில் காசு போதாது, இருப்பவர்கள் கடன் தாருங்கள் என்று ஊழியர்களிடம் கேட்கிறார்கள். உலகின் மிகப் பெரிய மின் நிறுவனங்களில் ஒன்று அது.

வெளி மின்சாரம் 2ஆம் உலையின் பக்கம் திரும்பியது மார்ச் 20 இல். 30 நிமிடம் என்று எழுதிய இடத்தில் ஒன்பது நாட்கள்.

பிறகு

2012 ஜூலையில் ஜப்பானிய நாடாளுமன்றம் அமைத்த சுயாதீன விசாரணை ஆணைக்குழு, இது மனிதர் உண்டாக்கிய பேரழிவு என்று முடிவு சொன்னது. ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் இடம்பெயர்ந்திருந்தார்கள். இடப்பெயர்வு என்ற சொல்லின் பாரம் எங்களுக்குத் தெரியும். 2013 இல் வந்த புதிய விதிகள் பற்றரிகள் 24 மணித்தியாலம் தாங்க வேண்டும் என்றன. முன்னாள் நிர்வாகிகள் மீதான குற்றவியல் வழக்கு நீண்ட காலம் நடந்தது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அவர்களில் இருவரின் விடுதலையை உறுதி செய்தது. மூன்றாமவர் அதற்கு முன்னரே இறந்திருந்தார்.

24 மணித்தியாலம் என்பது முன்னேற்றம்தான். ஆனால் பற்றரியின் நேரத்தைக் கூட்டுவது மட்டும் தீர்வு என்று எடுத்தால், இன்னொரு ஆபத்து வருகிறது. கூடுதல் நேரம் என்றால் கூடுதல் சக்தி, அதுவும் ஆக்கள் வேலை செய்யும் கட்டடத்துக்குள்ளேயே. ஈய அமிலப் பற்றரிக்கு மின்னேற்றும்போது ஐதரசன் வரும். காற்றில் அது 4 வீதத்தைத் தாண்டினால் ஒரு பொறியே போதும். அதனால்தான் பற்றரி அறைக்குக் காற்றோட்டம் கட்டாயம். லித்தியம் அயன் பற்றரி குறைந்த இடத்தில் கூடுதல் சக்தியை வைக்கும். ஒரு கலம் அளவுக்கு மீறிச் சூடானால் அந்தச் சூடு பக்கத்துக் கலத்தைப் பற்றவைக்கும், அது அடுத்ததை. அணைத்தாலும் திரும்பப் பிடிக்கும்.

2025 செப்டெம்பர் 26 இல் தென்கொரியாவின் டேஜோன் நகரில் இது நடந்தது. அரசாங்கத்தின் தகவல் வள நிலையத்தில், சேர்வர்கள் இருந்த ஐந்தாம் மாடியில், யூ.பி.எஸ்.ஸின் லித்தியம் பற்றரிகளும் இருந்தன. அவை 2014 இல் செய்யப்பட்டவை, பத்து வருட உத்தரவாதம் முடிந்திருந்தது. தீ அபாயத்தைக் குறைப்பதற்காக அவற்றைக் கீழ்த்தளத்துக்கு மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. மாற்றும்போதே தீப்பிடித்தது. 384 பற்றரித் தொகுதிகள் எரிந்தன. ஒரு தொழிலாளி தீக்காயம் அடைந்தார். 647 அரச முறைமைகள் நின்றன. அரச ஊழியர்கள் வேலை ஆவணங்களைச் சேமித்து வைத்த பொதுச் சேமிப்பகம் முழுவதும் அழிந்தது. 858 டெராபைற். அதற்கு வெளியே வேறு பிரதி இருக்கவில்லை. மின்சாரம் போனாலும் தகவல் போகக்கூடாது என்று வைத்த பற்றரிதான் தகவலை எரித்தது.

இங்கேயும் எச்சரிக்கை முன்னரே இருந்தது. 2022 ஒக்டோபரில் அதே நாட்டில் பங்யோ தரவு நிலையத்தில் பற்றரித் தீயால் ககாவோ செயலி நாட்கணக்கில் முடங்கியது. சேர்வரையும் பற்றரியையும் பிரித்து வைக்க வேண்டும் என்று அப்போதே பேசினார்கள். டேஜோனில் பிரிக்கும் வேலை மூன்று வருடம் கழித்து நடந்துகொண்டிருந்தது.

கேட்க வேண்டிய கேள்விகள்

நியூயோர்க், ஃபோர்ஸ்மார்க், ஃபுகுஷிமா, டேஜோன். நான்கிலும் தொழில்நுட்பம் வேறு, நாடு வேறு. ஆனால் ஒன்று பொதுவாக இருக்கிறது. பற்றரி எப்போதும் கணக்கில் கடைசி வரியாக இருந்திருக்கிறது. அது உற்பத்தி செய்வதில்லை, இலாபம் தருவதில்லை, நல்ல நாளில் யாருக்கும் அது தேவைப்படுவதில்லை. அதனால் எத்தனை மணித்தியாலம் போதும், எங்கே வைப்பது, எப்போது மாற்றுவது என்ற முடிவுகளை, அது தீரும் நேரத்தில் அந்த அறையில் இருக்கப்போகாத ஆக்கள் எடுக்கிறார்கள். தீரும் நேரத்தில் இருப்பவர் வேறு ஒருவர். மணி அடிக்கவில்லையா என்று கேட்கப்படும் தொழில்நுட்பவியலாளர். தன் காரின் பற்றரியைக் கழற்றும் ஊழியர்.

நாங்கள் இன்னும் சில வருடத்தில் ஏதோ ஒரு அலுவலகத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, வங்கிக்கு வேலைக்குப் போவோம். கலைப்பீட மாணவருக்கு மின் சுற்று தெரிய வேண்டியதில்லை. ஆனால் சில கேள்விகளை யாரும் கேட்கலாம். இங்கே கரண்ட் போனால் பற்றரி எவ்வளவு நேரம் தாங்கும்? அந்த எண்ணை யார் எழுதியது, கடைசியாக எப்போது முழுச் சுமையில் சோதித்தார்கள்? பற்றரி தீரத் தொடங்கும்போது யாருக்குத் தெரியவரும், அந்த நேரத்தில் அவர் எங்கே இருப்பார்? அது எந்தத் தளத்தில் இருக்கிறது, பக்கத்தில் யார் வேலை செய்கிறார்கள்? நிர்வாகத்துக்கு இது தொந்தரவான கேள்வியாகப் படலாம். தொழிற்சங்கங்கள் சம்பளத்தோடு சேர்த்து இதையும் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

1993 அறிக்கையை எழுதிய குழுவில் இப்படி ஒருவர் கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று சொல்ல முடியாது. வரலாறு அப்படி ஓடுவதில்லை. ஆனால் 4ஆம் உலையின் நிலக்கீழ்த் தளத்துக்குச் சோதனைக்கு இறங்கிய அந்த இருவரில் ஒருவர், அந்த அறிக்கை வந்தபோது சிறு பிள்ளையாக இருந்திருப்பார். அந்தக் கட்டடம் எந்த அலையைத் தாங்கும், பற்றரி எங்கே இருக்கும், மின்சாரம் எவ்வளவு நேரத்தில் திரும்பும் என்று அவர்களுக்காக ஏற்கனவே தீர்மானித்து வைத்திருந்தார்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.